சீமெந்தில் ஒரு கொழுந்துக்காரி

இலங்கையில் எது புராதனச் சின்னம் என்பதை ஒரு தேதிதான் முடிவு செய்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ எல்லையாக வைத்திருக்கிறது. கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயருக்குக் கையளித்த ஒப்பந்தத்தின் நாள் அது. அதற்கு முன் எழுந்த கட்டடமோ சிலையோ என்றால் சட்டத்தின் காவல் தானாகவே கிடைக்கும். பிந்தியதென்றால் அரசு வர்த்தமானியில் தனியாக அறிவிக்க வேண்டும்.

எங்கள் முன்னோர் இந்த மலைகளுக்குக் கோப்பி நட வந்தது 1820களில். தொழிலாளர் குடியிருக்கும் லயமோ, கோயிலோ, சுமைதாங்கியோ, மலையகத் தமிழர் கையால் இங்கே எழுந்தது எதுவாயினும் அந்த எல்லைக்கு இப்பால்தான் நிற்கிறது. சட்டம் எழுதியவர்கள் எங்களை நினைத்து அந்த நாளைக் குறிக்கவில்லை. ஆனாலும் ஒரு சமூகத்தின் இருநூறு வருடத்துக் கைவேலை முழுவதும் ஒரு தேதியால் வெளியே நிற்கிறது என்பது சாதாரண விஷயமல்ல. பதுளை மாவட்டத்துத் தோட்டக் கோயில்களைப் பார்த்துக்கொண்டு போகிறவனுக்கு அந்தத் தேதி அடிக்கடி நினைவுக்கு வரும்.

ஊவா சிற்பத்துக்குப் பேர்போன மாகாணம். வெல்லவாயவுக்குத் தெற்கே புதுருவகலவில் ஒரே பாறையில் ஏழு உருவங்கள் நிற்கின்றன. நடுவிலுள்ள புத்தர் ஐம்பது அடிக்கு மேல் உயரம். மொனராகலைப் பக்கம் மாளிகாவிலவில், ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் பெரும் புத்தர் சிலை காட்டுக்குள் உடைந்து விழுந்து கிடந்தது. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் துண்டுகளைச் சேர்த்து மறுபடி நிமிர்த்தினார்கள். பொறியியலாளரும் தொல்லியலாளரும் சேர்ந்து செய்த அரிய வேலை அது. பார்க்கும்போது கைகூப்பத் தோன்றும். புதுருவகலவில் என் மனதில் நிற்பது உயரமல்ல. நடுப் புத்தரின் மேல் பழைய சுதைப் பூச்சின் மிச்சம் இன்னும் ஒட்டியிருக்கிறது. செம்மஞ்சள் வர்ணத்தின் ஒரு கீற்றும் தெரிகிறது. அந்தப் பாறை ஒரு காலத்தில் சுதை பூசி வர்ணம் தீட்டப்பட்டு நின்றது என்பதற்கு அவ்வளவுதான் சாட்சி. அந்தக் கீற்றைச் சுரண்ட யாரையும் விடமாட்டார்கள். விடக்கூடாது.

அதே ஊவாவில், பசறையிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் மேலேறும் தோட்டப் பாதைகளில், சுதையும் சீமெந்துமாய்ச் செய்து வர்ணம் தீட்டிய உருவங்கள் நூற்றுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன. மாரியம்மன் கோயில் விமானங்களில், முருகன் கோயில் முகப்புகளில், எல்லைக் காவலுக்கு நிற்கும் முனியாண்டியின் திறந்தவெளி மேடைகளில். யாரும் எண்ணவில்லை, எழுதிவைக்கவில்லை. அவற்றுக்கு வயது அறுபது, எழுபதுதான் இருக்கும். வயது குறைவென்பதாலேயே அவை அழிந்துகொண்டிருக்கின்றன.

ஆரம்பத்தில் தோட்டத்துச் சாமிகளுக்கு உருவம் பெரிதாக இல்லை. மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம், அதிகம் போனால் தகரக் கொட்டகை. தேயிலை ஸ்டோரில் சக்கரம் சுற்றும் இடத்தில் ரோதைமுனி. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் முன் மலையடிவாரத்தில் ஒரு படையல். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய வருடங்களில்தான் பல தோட்டங்களில் கல்லுக்கு மேல் கட்டடமும் கட்டடத்தின் மேல் உருவங்களும் எழத் தொடங்கின. சீமெந்து கைக்கெட்டியது அதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் நான் நம்புகிறேன். அதைச் சொல்ல அந்தக் காலத்தின் அரசியலைத் தொடாமல் முடியாது.

1947 பொதுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. பதுளையிலிருந்து போனவர் எஸ்.எம். சுப்பையா. அடுத்த வருடமே எங்களவரை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதன் பின்னே வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. 1953இல் கொழும்பில் சுதந்திர மண்டபம் எழுந்தது. கண்டி அரசர்களின் அரசவை மண்டபமான மகுல் மடுவவைப் போல வடிவமைத்து, சுற்றிலும் சிங்கங்களை அமர்த்தி, சுதந்திர நாட்டின் பெருமையைக் கொங்கிறீட்டில் வார்த்தார்கள். ஒரு நாடு தன்னைக் கல்லிலும் கொங்கிறீட்டிலும் காட்டிக்கொள்ள விரும்புவது இயல்பு. அந்த நாட்டுக்குள் இடமில்லை என்று சொல்லப்பட்டவர்களும் அதே பத்தாண்டுகளில் அதையே செய்தார்கள். நாடற்றவர்கள் என்று காகிதத்தில் எழுதப்பட்டவர்கள், தங்களுக்குச் சொந்தமில்லாத நிலத்தில், தோட்டத் துரையிடம் அனுமதி கேட்டு, சம்பளப் பதிவான செக்ரோலில் மாதாமாதம் கோயில் சந்தாவைப் பிடிக்கச் சொல்லி, அந்தக் காசில் கோபுரம் கட்டினார்கள். இதைவிடப் பொதுவான பொதுச் சிற்பம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை. ஒரு செல்வரோ ஒரு சபையோ கொடுத்ததல்ல, பேர் போட்ட ஒவ்வொருவரின் கூலியிலும் வெட்டி எடுத்தது.

பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேற்பிரிவுக் கோயிலில் நான் பார்த்த உருவத்தைச் சொல்கிறேன். விமானத்தின் தெற்கு முகத்தில், இரண்டு பூதங்களுக்கு நடுவே, இரண்டரை அடி உயரத்தில் ஒரு பெண். ஆகமத்தில் அவளுக்கு இடமில்லை. முதுகில் கொழுந்துக் கூடை. கூடைக் கயிறு உச்சந்தலைக்கு மேலாக வருகிறது. கயிறு அழுத்தும் இடத்தில் முக்காட்டுத் துணியை மடித்து வைத்திருப்பதைச் சீமெந்தில் நான்கு மடிப்பாகக் காட்டியிருக்கிறார்கள். இடுப்பில் படங்குச் சாக்கு. விரல்கள் உடம்புக்குப் பொருந்தாத அளவு நீளம், பெருவிரலும் சுட்டுவிரலும் ஒரு தளிரைக் கிள்ளும் நிலையில். முகம் நேரே பார்க்கவில்லை, சற்றுக் கீழே, பறிக்கிற செடியைப் பார்க்கிறது. சிற்ப சாஸ்திரத்தின் தாள அளவுக்கு இவள் பொருந்தமாட்டாள். தலை பெரிது, கால் குட்டை. ஆனால் கூடை நிறைந்த பிறகு கழுத்து எப்படி முன்னால் நீளும் என்பதைத் தெரிந்த ஒருவர் செய்த கழுத்து அது.

அவளது இடது முழங்கை உடைந்திருக்கிறது. உடைவுக்குள் பார்த்தால் உள்ளே கம்பி, கம்பியைச் சுற்றிக் கோழிக்கூட்டு வலை, அதன்மேல் கரடான சீமெந்து, அதன்மேல் மெல்லிய பூச்சு. பூச்சின் மேல் வர்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காய்த் தெரிகின்றன: அடியில் சுண்ணாம்பு வெள்ளை, பிறகு காவி, ஒரு மங்கிய நீலம், ரோஸ், கடைசியாகப் பளபளக்கும் எனாமல். ஒவ்வொரு அடுக்கும் ஒரு கும்பாபிஷேகம். அவள் காலடியில் பதித்த சிறு பலகையில் ‘உபயம்’ என்ற எழுத்து மட்டும் வாசிக்க முடிகிறது. மீதியை எனாமல் மூடிவிட்டது. பக்கத்துப் பூதத்தின் கீழ் ‘பத்தாம் நம்பர் லயத்தார்’ என்றும், வடக்குப் பக்கம் ‘ஸ்டோர் ஆட்கள்’ என்றும் இருக்கிறது. செய்தவர் பெயர் எங்கும் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த சிற்பாசாரி ஒருவர் தொடங்கி வைத்தார், மீதியைத் தோட்டத்து மேசன்மார் முடித்தார்கள் என்று அங்குள்ள பெரியவர்கள் சொல்கிறார்கள். மதகும் கான் கட்டும் கட்டிய கைகள்தான் அந்த விரல்களை நீட்டியிருக்க வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பண்டாரவளையில் இன்னொரு வேலை நடந்தது. நல்லாயன் கன்னியர் மடத்துக்காகக் கட்டடக்கலைஞர்களான ஜெப்ரி பாவாவும் டென்மார்க்கிலிருந்து வந்து இங்கே இயங்கிய உல்ரிக் பிளெஸ்னரும் கல்லில் ஒரு சிற்றாலயம் கட்டினார்கள். லக்கி சேனாநாயக்க, பார்பரா சன்சோனி போன்ற கலைஞர்கள் பாவாவோடு சேர்ந்து, கலையைச் சுவரில் பிறகு மாட்டாமல் சுவரோடேயே சிந்திக்கத் தொடங்கிய காலம். அந்த ஆலயத்தைப் பற்றிப் புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள், வரைபடங்களைப் பேணுகிறார்கள். நியாயமானதுதான். பாவா, பத்திக் கலைஞர் எனா டி சில்வாவுக்குக் கொழும்பில் கட்டிக் கொடுத்த வீட்டை இடிக்க நேர்ந்தபோது கல்லுக்கும் மரத்துக்கும் இலக்கமிட்டுப் பிரித்து, பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கவில் அப்படியே திரும்ப எழுப்பினார்கள். அறுபதுகளின் ஒரு வீடும் காக்கத் தகுந்ததே என்று இந்த நாட்டில் ஏற்றுக்கொண்டாயிற்று என்பதற்கு அது நல்ல சான்று.

பண்டாரவளை ஆலயம் எழுந்த அதே காலத்தில் அதற்குச் சற்றுத் தூரத்து மலைகளில் கட்டடமும் சிற்பமும் பிரியாத இன்னொரு கலை நடந்துகொண்டிருந்தது. கோபுரத்திலிருக்கும் உருவத்தைத் தனியே கழற்றி எடுக்க முடியாது. அது செங்கல் வேலையிலிருந்தே புடைத்து வருவது. இரண்டையும் ஒரே வரியில் வைத்துப் பேச நாம் ஏன் தயங்க வேண்டும்? ஒன்றைக் கட்டியவர் கேம்பிரிட்ஜில் படித்தவர், மற்றதைக் கட்டியவர் பெயர் நமக்குத் தெரியாது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. சென்னை மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959இல் எழுந்தது. நான்கு பேர் பாறையைப் புரட்டும் அந்த வெண்கலத்தைத் தமிழர் எல்லோரும் அறிவார்கள். உழைப்பாளருக்கு உழைப்பாளரே வைத்த சிலைகளைத் தேடுகிறவர் ஊவாவின் கோயில் விமானங்களை அண்ணாந்து பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் அனுபவம் ஒன்றை இங்கே சொல்வது பயன்படும். போரில் குண்டு விழுந்து சிதைந்த ஊர்களைத் திரும்பக் கட்டும்போது குடியிருப்புகளுக்கும் பாடசாலைகளுக்கும் நடுவில் சிற்பங்களை நிறுத்தினார்கள். ஹென்றி மூர் செய்த, போர்வை போர்த்து உட்கார்ந்திருக்கும் பெண்ணின் வெண்கலச் சிலையை லண்டன் மாநகர நிர்வாகம் 1962இல் வாங்கி, கிழக்கு லண்டனில் தொழிலாளர் வாழ்ந்த ஸ்டிபர்ட் குடியிருப்பில் வைத்தது. குடியிருப்பை இடித்தபோது 1997இல் சிலை யோர்க்‌ஷயர் சிற்பப் பூங்காவுக்குப் போனது. 2012இல் உள்ளூர் நிர்வாகம் பணத்தட்டுப்பாட்டில் அதை விற்க முடிவு செய்தது. ஏழைகளின் கண்ணில் படவென்று வாங்கியதை ஏலத்தில் விடுவதா என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. வழக்கு நடந்தது, நிர்வாகம் மாறியது, விற்பனை கைவிடப்பட்டது. 2017இல் சிலை கிழக்கு லண்டனுக்குத் திரும்பியது. இதற்கிடையே எத்தனையோ சிலைகள் உலோகத்துக்காகத் திருடுபோயின, கட்டடங்களோடு இடிபட்டன. 2016இல் ‘ஹிஸ்டோரிக் இங்கிலாந்து’ என்ற அரசு அமைப்பு போருக்குப் பிந்திய நாற்பத்தொரு சிற்பங்களை ஒரே தடவையில் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. காணாமல்போனவற்றைத் தேடித் தரும்படி மக்களையே கேட்டது. ஐம்பது வயதுச் சிற்பத்தையும் சட்டம் காக்கலாம். அதற்கு முதலில் பட்டியல் வேண்டும். எங்களிடம் பட்டியல் இல்லை.

எங்கள் உருவங்கள் திருடு போவதில்லை. அவற்றை அழிப்பவை தண்ணீர், இரும்பு, எனாமல், பக்தி. ஊவாவில் ஐப்பசியிலிருந்து தை வரை வடகிழக்குப் பருவமழை. ஆடி, ஆவணியில் காய்ந்த கச்சான் காற்று. இந்தத் தேயிலையின் பேர்பெற்ற வாசனைக்குக் காரணமான அதே காற்றுதான் மழையில் ஊறிய சீமெந்தைச் சுருக்கி வெடிக்க வைக்கிறது. வெடிப்பில் இறங்கும் நீர் கம்பியைத் தொடுகிறது. கம்பியில் ஏறும் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருத்து, சுற்றியுள்ள சீமெந்தைப் பிளந்து தள்ளுகிறது. உடைந்த முழங்கைகள், விரல்கள், மூக்குகள் எல்லாம் இப்படி உள்ளிருந்து உடைந்தவை. பழைய சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். எனாமல் விடாது, உள்ளே போன ஈரத்தைப் பூட்டி வைக்கும். மினுக்கத்துக்காகப் பூசுவதே உள்ளிருந்து அரிக்கிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து, பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் திருப்பணி. இப்போது வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் காசு அனுப்புகிறார்கள். பழைய விமானத்தை முழுதாக இடித்து, தமிழ்நாட்டு முறையில் உயரமாக, எல்லாக் கோயிலிலும் ஒரே மாதிரியான உருவங்களோடு புதிதாய் எழுப்புகிறார்கள். பசறைக்கு மேலே நான் சொன்ன அந்தக் கோயிலின் தலைவரோடு இதைப் பற்றிப் பேசினேன். என்னைவிட மூத்தவர், ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை.

“மழ பேஞ்சா உள்ளுக்கு ஒழுகுதுங்க தம்பி. அம்மா தலையில தண்ணி சொட்டுறப்ப, இது பழசு, தொடக்கூடாதுன்னு நம்ம பாத்துக்கிட்டு நிக்கலாமா?”

“நிக்கக்கூடாதுங்க ஐயா. கூரைய மாத்துங்க. அந்தக் கொழுந்துக்காரி என்ன செஞ்சா?”

அவர் கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். “அது எங்க அம்மாவோட செட்டுல கொழுந்தெடுத்த ஒரு பொம்பளைய பாத்துச் செஞ்சதுன்னு சொல்லுவாங்க. புது ஆசாரிக்கு அது தெரியாதுங்களே” என்றார்.

அவருடைய முதல் கேள்வியை நான் மதிக்கிறேன். கோயில் அருங்காட்சியகமல்ல. பாலாலயம் செய்து, சாமியை இறக்கி, புதுப்பித்து, திரும்ப ஏற்றுவது வழிபாட்டின் பகுதி. அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. தமிழ்நாட்டிலும் இதே இழுபறிதான். கருங்கல்லில் மணலை வீசியடித்துச் சுத்தம் செய்து எத்தனை கல்வெட்டுகளை மழுக்கினார்கள்! கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் கோயில்களைப் பேண எழுபத்தைந்து உத்தரவுகள் பிறப்பிக்க வேண்டியிருந்தது. அங்கே ஆயிரம் வருடத்துக் கல் என்பதால் நீதிமன்றம்வரை போனது. எழுபது வருடத்துச் சீமெந்துக்கு வழக்குப் போட யாரும் வரமாட்டார்கள். முடிவு கோயில் சபையின் ஒரு மாலைக் கூட்டத்தில் எடுக்கப்படுகிறது. எனக்கு இதில் கவலையும் உண்டு, நம்பிக்கையும் உண்டு. ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் உட்காருபவர்களோடு பேச முடியும்.

அவசரம் ஏனென்றால், இவற்றின் கதை தெரிந்தவர்கள் பெரும்பாலும் இங்கே இல்லை. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் எங்களவரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மீதியிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பங்கிட்டார்கள். பத்தாம் நம்பர் லயத்தார் உபயம் செய்த பூதம் இங்கே நிற்கிறது. அந்த லயத்தார் நீலகிரியிலோ கொடைக்கானல் பக்கமோ இருக்கலாம். 1983 ஜூலையில் பதுளை நகரத்தில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன, இன்னும் பலர் போனார்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை ஆட்களோடு மூடியது. உயிர்கள் போன இடத்தில் சிலையைப் பற்றிப் பேசக் கூசுகிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: ஒரு தோட்டம் மண்ணுக்குள் போகும்போது அதன் கோயிலும், கோயிலில் அதன் மனிதர்கள் எழுதி வைத்த ஊர் வரலாறும் போகின்றன. ஒரு புகைப்படமாவது இருந்திருந்தால் என்று பிறகு வருந்துவது வீண்.

ஊவாவில் வேறு பல பேணப்படுகின்றன. 1931இல் தோமஸ் வில்லியர்ஸ் கட்டி முடித்த அப்புத்தளை அடிசம் மாளிகையைப் பெனடிக்ட் துறவிகள் அழகாக வைத்திருக்கிறார்கள். தம்பேதன்னைக்கு மேலே தேயிலை வணிகர் லிப்டன் அமர்ந்து பார்த்ததாகச் சொல்லும் குன்றில் அவருக்குச் சிலையும் உண்டு. துரைமார் பங்களாக்கள் ஹோட்டல்களாகி, பழைய தளபாடங்கள் மினுக்கப்படுகின்றன. அவையும் இருக்கட்டும், வரலாறுதான். அதே மலையில் மற்றவர்கள் விட்டுச்சென்றதும் இருக்கட்டும் என்பதே நான் கேட்பது. எங்களவர் முயற்சிகளும் இல்லாமலில்லை. கம்பளைப் பக்கத்தில் பழைய லயமொன்றைச் சமூக அபிவிருத்தி நிறுவனம் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக நடத்திவருகிறது; கூடையும் கவ்வாத்துக் கத்தியும் தப்பும் அங்கே இருக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் மலையக ஆவணங்களையும் படங்களையும் எண்ணிமப்படுத்தி வருகிறது. ஆனால் கூடையைக் கொண்டுபோய் ஓர் அறையில் வைக்கலாம், விமானத்தைக் கொண்டுபோக முடியாது. அதை நிற்கும் இடத்திலேயே காக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை கைக்கு எட்டாதவை அல்ல. இடிப்பதற்கு முன் நான்கு முகங்களையும் சாரத்தில் ஏறி, ஒவ்வோர் உருவமாகப் படமெடுத்து அளந்து வைப்பது. உபயப் பலகைகளின் எனாமலை மெதுவாய் நீக்கி வாசித்து எழுதுவது. தோட்டத்துக்கே உரிய உருவங்களை, கொழுந்துக்காரியை, கங்காணியை, காவல் முனியை, புது விமானத்திலும் பழையபடியே ஏற்றும்படி ஆசாரியிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுவது. முடியாவிட்டால் செங்கலோடு அறுத்தெடுத்துக் கோயில் மதிலில் பதிப்பது. அனுபவமுள்ள மேசன் இரண்டு நாளில் செய்வார். துருவேறிய கம்பியை மாற்ற மேசனுக்குத் தெரியும், எனாமலுக்குப் பதில் சுண்ணாம்பு வர்ணம் பூசச் சொல்ல வேண்டும், அது மலிவும்கூட. 1815க்குப் பிந்தியதையும் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கும் பிரிவு தொல்பொருட் சட்டத்திலேயே இருக்கிறது. ஊவாவில் ஒரே ஒரு தோட்டக் கோயிலுக்காவது அந்தப் பிரிவின்கீழ் விண்ணப்பம் போகட்டும். நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது என்பதால் இருவரும் கையெழுத்திட வேண்டிவரும், அந்தக் கையெழுத்தே ஒரு பெரிய விஷயம்.

பசறைக்கு மேலுள்ள கோயிலில் பாலாலயத்துக்கு நாள் பார்த்திருக்கிறார்கள். சாரம் கட்டியதும் முதலில் மேலே ஏறுவது கமராவும் அளவு நாடாவும் கொண்ட பாடசாலைப் பிள்ளைகளாய் இருக்கட்டும் என்று தலைவரிடம் கேட்டிருக்கிறேன். கொழுந்துக்காரியைப் பற்றிச் சபையில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.